மூன்றாம் பத்தி

சித்தூர்
8 ஏப்ரல் 2024

தங்கை ஜெயகுமாரிக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். அந்த வழக்கத்தை மீறும் தெம்பு இல்லாததால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை கிரண்குமாரும் சுகமாயிருக்க விழைகிறேன்.

சென்ற வாரம் ஒன்பது முறை தொலைபேசியில் அழைத்தாய். ஒன்பதையும் பார்த்தேன். எடுக்கவில்லை, இனியும் எடுக்கப்போவதில்லை. ஜெர்ரி விஷயத்தில் உனக்கோ உன் கணவருக்கோ சொல்ல ஏதேனும் இருந்தால் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அஞ்சலில் அனுப்பு. தொலைபேசியில் அழுகை வரும், இருமல் வரும், "அண்ணா" என்றொரு இழுப்பு வரும். அவற்றுக்கு நடுவே சொல்லப்படும் எதற்கும் பிற்பாடு யாரும் பொறுப்பேற்பதில்லை.

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். தவறிருந்தால் மறுத்து எழுது. டிசம்பரில் உன் கணவரின் ஜெராக்ஸ் கடைக்கு ரவி என்றொருவன் துண்டறிக்கை அச்சடிக்க வந்தான். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னான். உன் கணவர் அவனுடைய முகவரி அட்டையை ஜெர்ரியிடம் கொடுத்தார். ஜனவரி பதினெட்டாம் தேதி என் மகன் பாங்காக்குக்கு விமானம் ஏறினான். அங்கிருந்து வேனில் ஏற்றி, ஓர் ஆற்றைத் தாண்டவைத்து, வேறொரு நாட்டில், மதில் சூழ்ந்த கட்டடத்தில் அடைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. மார்ச் பத்தொன்பதாம் தேதி நான்கு நிமிடம் பேசினான். முன்பின் தெரியாதவர்களுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பி, அவர்களை நம்பவைத்து ஏமாற்றுவதுதான் வேலை என்றான். பிறகு தொடர்பு அறுந்தது.

காவல் நிலையத்தில் புகாரை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருபத்தொன்பது ஆண்டுகளாக அந்த மொழியைக் கல்லூரியில் கற்பிப்பவன், இப்போது ஒரே ஒரு வினைச்சொல் கிடைக்காமல் நான்கு நாட்களாக உட்கார்ந்திருக்கிறேன். உன் கணவர் செய்தது என்ன?

தமிழில் ஆசை காட்டினார் என்று முடித்துவிடலாம். ஆங்கிலம் அவ்வளவு எளிதில் நம்மை விடாது. பெர்சுவேட் என்றால் காரணங்களை அடுக்கி எதிராளியின் அறிவை இசையவைப்பது. கோக்ஸ் என்றால் பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக, மருந்து குடிக்காத பிள்ளைக்குப் புகட்டுவதுபோல. கஜோல் அதற்கும் ஒரு படி கீழே: முகத்துதி கலந்தது, உன்னை விட்டால் வேறு யார் என்பது. என்டைஸ் என்பது ஒன்றைக் கண்முன் தொங்கவிடுவது. தொங்குவது நல்ல பொருளாகவும் இருக்கலாம். லூர் என்னும்போது, தொங்கவிடுகிறவனுக்கு முடிவு முன்பே தெரியும். வேட்டைப் பருந்து வளர்ப்பவர்கள் இறகுக் கொத்தில் இறைச்சித் துண்டைக் கட்டிச் சுழற்றுவார்கள். அந்தக் கொத்தின் பெயர்தான் லூர்.

ரவிக்கு லூர். அதில் ஐயமில்லை. உன் கணவருக்கு எது? அவரிடமே கேட்டு எழுது.

இப்படிக்கு
அசரியா


திருப்பதி
15 ஏப்ரல் 2024

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு ஜெயகுமாரி எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இருவரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் பி.பி. மாத்திரை இந்நேரம் தீர்ந்திருக்கும். வாங்கினீர்களா? கேட்டால் கோபம் வரும், ஆனாலும் கேட்கிறேன்.

கேஸ் ஷீட் தவிர வேறெதையும் கையால் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் அவர் பார்ப்பார்.

நீங்கள் கேட்டதை அவரிடம் கேட்டேன். "மச்சான் இங்கிலீஷ்ல கேக்கறாரு, நான் இன்னா பதில் சொல்றது? பையன் வேல தேடிக்கினு இருந்தான், கார்டு குடுத்தேன். அவ்ளோதான்" என்றார். பிறகு சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து கடையில் துண்டறிக்கை வேலை எடுப்பதில்லை. கல்யாணப் பத்திரிகைகூட இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அச்சடிக்கிறார்.

ஒன்று கேட்கிறேன் அண்ணா. கம்பெனியிலிருந்து ஜெர்ரிக்கு வந்த ஆஃபர் லெட்டர், இரண்டு பக்கம், அவன் எங்கள் கடையில்தான் பிரின்ட் எடுத்தான். எடுத்து உங்களிடம்தான் கொண்டுவந்தான். அதைப் புகாரோடு வைக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெர்ரிக்காக ஜெபம் செய்தார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். அண்ணியும் இல்லை, ஜெர்ரியும் இல்லை என்று ஹோட்டலிலேயே சாப்பிடாதீர்கள், சாம்பாரில் உப்பு அதிகம்.

உங்கள் தங்கை
ஜெயா


சித்தூர்
24 ஏப்ரல் 2024

தங்கை ஜெயகுமாரிக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிந்தேன். மாத்திரை இருக்கிறது.

உன் கணவரின் பதிலைப் படித்தேன். "அவ்ளோதான்" என்ற சொல்லின்மேல் எத்தனை பேருடைய மனசாட்சி நிம்மதியாகத் தூங்குகிறது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வேறு இரண்டு சொற்களையும் பரிசீலித்தேன். இன்ட்யூஸ் சட்டத்தின் சொல். அது ஆசையையும் சொல்லாது, பேச்சையும் சொல்லாது. ஒருவன் ஏதோ செய்ததால் இன்னொருவன் ஒன்றைச் செய்தான் என்று மட்டும் முத்திரை குத்தும். குளிர்ந்த சொல், எனக்குப் பிடித்த சொல். ஆனால் அதில் குற்றவாளியின் முகம் தெரியாது. டெம்ப்ட் வேதாகமத்தின் சொல். ஏற்கெனவே உள்ளே ஆசை இருப்பவனிடம்தான் அது செல்லும். ஜெர்ரிக்குள் அந்த ஆசை இருந்ததா என்ற கேள்வியைப் புகாருக்குள் கொண்டுவர நான் விரும்பவில்லை.

எனவே ரவிக்கு லூர் என்றும், கிரண்குமாருக்கு என்டைஸ் என்றும் எழுதி, நேற்று முன்தினம் கொடுத்துவிட்டேன். முகவரியும் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை என்பதற்காகச் சலுகை தரும் வினைச்சொல் ஆங்கிலத்தில் இல்லை.

நீ கேட்ட மற்ற விவரங்கள் புகாருக்குத் தேவையானவை அல்ல.

அசரியா


திருப்பதி
7 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்டேஷனிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டார்கள். அடிக்கவில்லை. உங்கள் புகாரிலிருந்து ஒரு வார்த்தையைப் படித்து, இதைச் செய்தாயா இல்லையா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாததால் அவர் இல்லை என்றும் சொல்லவில்லை.

கடை மூடியிருக்கிறது. எழுத வேறொன்றும் இல்லை.

ஜெயகுமாரி


சித்தூர்
27 மே 2024

தங்கை ஜெயகுமாரிக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இப்போது உண்டா என்று தெரியவில்லை, கேட்கிறேன்.

விசாரணை என்பது தண்டனை ஆகாது. குற்றமற்றவர் பதில் சொல்லிவிட்டு வீடு திரும்புவார். உன் கணவர் திரும்பிவிட்டார். என் மகன் திரும்பவில்லை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

இருபத்திரண்டாம் தேதி ஜெர்ரி மறுபடி பேசினான். யாருடைய தொலைபேசி என்று தெரியாது. இரண்டு நிமிடம். ஆங்கிலம் நன்றாக இருப்பதால் ஏமாற்றுச் செய்தி அனுப்பும் அறையிலிருந்து அவனை மாற்றிவிட்டார்களாம். இங்கிருந்து புதிதாக ஆள் சேர்க்கும் வேலைக் கடிதங்களை இப்போது அவன்தான் எழுதுகிறான். வாரத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கை குறைந்தால் சாப்பாட்டைக் குறைப்பார்கள். "நைனா, நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் இங்க வேலைக்கு ஆகுது" என்றான். கேலியா, அழுகையா, குரலில் பிடிபடவில்லை. தொலைபேசியை நான் ஏன் வெறுக்கிறேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

இதை உனக்குத் தெரிவிப்பது கடமை. தெரிவித்துவிட்டேன்.

அசரியா


சித்தூர்
30 ஜூன் 2024

தங்கை ஜெயகுமாரிக்கு,

நலம். நலமென்று நம்புகிறேன்.

எட்டு வாரங்களாக உன்னிடமிருந்து கடிதமில்லை. எழுது என்று கேட்கவில்லை. எழுதாதது தெரிகிறது என்று மட்டும் தெரிவிக்கிறேன்.

மாம்பழக் கூழ் ஆலைகளின் முன்னால் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஊர் முழுவதும் அந்தப் புளித்த இனிப்பு வாசனை. ஜன்னலைச் சாத்தினாலும் அறைக்குள் வந்துவிடுகிறது. ஜெர்ரிக்கு அது பிடிக்கும். எனக்குத் தலை வலிக்கும். அதனால் அவன் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தான் வெளியே போய் நின்றுகொள்வான். இந்த ஆண்டு ஜன்னலை யார் சாத்துவது என்ற விவாதம் வீட்டில் இல்லை.

கல்லூரி திறந்தாயிற்று. இறுதியாண்டு வகுப்பில் வழக்கமான பாடம்: இசையவைக்கும் கடிதம் எழுதுவது எப்படி. நான்கு பத்திகள். முதலாவதில் நீ யார், இரண்டாவதில் நீ தருவது என்ன, நான்காவதில் அடுத்து என்ன செய்ய வேண்டும். மூன்றாம் பத்திதான் உயிர். படிப்பவன் மறுக்கக்கூடிய காரணத்தை அவன் வாய் திறக்குமுன் நீயே சொல்லி, மறுக்கும் உரிமையையும் நீயே கொடுத்துவிடுவது. கதவு திறந்திருப்பதைக் கண்டவன் எழுந்து போகமாட்டான் என்று ஆண்டுதோறும் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள். இந்த முறை இரண்டாம் பத்தியோடு நிறுத்திவிட்டு, மணி அடிக்கக் கால்மணி இருக்கும்போதே வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்று நீ கேட்கமாட்டாய்.

அசரியா


திருப்பதி
16 ஜூலை 2024

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுதினால் பாவமான வார்த்தை வந்துவிடும் என்று பயந்து இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது வந்தாலும் பரவாயில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி ஜெர்ரி இங்கே வந்தான். உங்களிடம் புத்தகம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறான். சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து நாலு தோசை துன்னான். ஐந்தாவது போட்டேன், கையால் தட்டை மூடிக்கொண்டான்.

"அத்தே, எனக்குப் போவ இஷ்டமில்ல. நைனாகிட்ட நீங்க சொல்லுங்க."

"ஏன்டா, உனக்கு வாய் இல்லியா? புடிக்கலன்னா கட்டாயப்படுத்தவா போறாரு?"

"கட்டாயப்படுத்துனா பரவால்ல அத்தே. சண்ட போட்டுடுவேன். அவரு 'கட்டாயமில்லை, யோசி, வேண்டாமென்றால் வேண்டாம்'னு ஆரம்பிப்பாரு. பேசி முடிக்கறதுக்குள்ள, வேணாம்னு சொல்றதுக்கு எடமே இருக்காது. இங்கயே புள்ளைங்களுக்கு ட்யூஷன் எடுத்துக்கினு உங்களோட இருக்கேன் நைனான்னேன். இருபத்துமூணு வயசுல அப்பனுக்குச் சோறு வடிக்கறது ஒரு உத்தியோகமான்னு கேட்டாரு."

அவன் போன பிறகு உங்களுக்கு போன் செய்தேன். அப்போது எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "லெட்டரை நானே படித்தேன் ஜெயா. ஒரு கமாகூடத் தப்பில்லை. ஏமாற்றுக்காரனுக்கு இவ்வளவு நல்ல ஆங்கிலம் வராது."

பிறகு இவர் போனைப் பிடுங்கினார். "மச்சான், அந்த ரவி நாலு கம்பெனி பேர்ல நாலு விதமா நோட்டீஸ் போட்டுக்கினு போறான். கார்டு குடுத்தது நான்தான், இப்ப நானே சொல்றேன், வேணாம்" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்பிள்ளை, நீங்கள் அச்சடிப்பவர். படிப்பவன் நான்."

இதை இவர் ஸ்டேஷனில் சொல்லியிருந்தால் முதல் மணி நேரத்திலேயே அனுப்பியிருப்பார்கள். சொல்லவில்லை. ஏன் என்று அன்றைக்குச் சண்டை போட்டேன். "புள்ளைய அனுப்பிட்டு ஒத்தையா உக்காந்துகினு கீறாரு. அவர் பேர வேற நான் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆஃபர் லெட்டரை ஏன் புகாரோடு வைக்கவில்லை என்று இனி நான் கேட்கப்போவதில்லை. ரவி செய்ததற்கு ஒரு வார்த்தை எழுதினீர்கள், இவர் செய்ததற்கு ஒரு வார்த்தை எழுதினீர்கள். நீங்கள் செய்ததற்கு உங்கள் ஆங்கிலத்தில் என்ன வார்த்தை அண்ணா?

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஜெயா


சித்தூர்
19 செப்டம்பர் 2024

ஜெயாவுக்கு,

உன் கடிதம் ஜூலை இருபதாம் தேதி கிடைத்தது. மறுத்து எழுதத் தக்க வரி ஒன்றையும் அதில் காணவில்லை.

நீ கேட்ட சொல் எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.

அசரியா


சித்தூர்
24 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

நீயும் கிரணும் நலமா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஞாயிறன்று ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். பெயர் அண்ணாதுரை. நகரியில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். மகன் அருள்குமார் நம் கல்லூரியில் பி.காம். முடித்தவனாம், எனக்கு நினைவில்லை. மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"இங்கிலீஷ் வாத்தியார்கிட்ட காட்டிக் கேளுங்கன்னு லெட்டர்லயே போட்டுக்கிறாங்க சார். எவன் சார் இப்படிப் போடுவான்? நல்ல கம்பெனியாத்தான் இருக்கணும். எதுக்கும் நீங்க ஒருவாட்டி பாத்துடுங்க."

நின்றபடியே படித்தேன். நிறுவனத்தின் பெயர் வேறு, ஊர் வேறு. நான்கு பத்திகள். முதல் பத்தியை முடிக்குமுன் என் கைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் பத்தி நான் வகுப்பில் எழுதிப்போடும் அளவிலேயே நின்றது. மூன்றாம் பத்தியைத் தமிழில் தருகிறேன்: "இந்த வாய்ப்பை நீங்கள் ஐயத்தோடு பார்ப்பது இயல்பு. உங்களுக்குக் கட்டாயம் ஏதுமில்லை. முடிவெடுக்கும் முன், உங்கள் மாவட்டத்தில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருவரிடம் இக்கடிதத்தைக் காட்டுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்."

உள்ளே போய், புகார் எழுதிய நாளிலிருந்து அகராதிக்குள் ஒளித்துவைத்திருந்த ஜெர்ரியின் கடிதத்தை எடுத்தேன். ஆம், அங்கேதான் வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதும் பிழையற்றதுதான். ஆனால் அதில் எந்த ஆசிரியரும் இல்லை.

"தப்பு இன்னா சார் கீது?" என்றார் அண்ணாதுரை.

"ஒன்றுமில்லை."

"அப்ப அனுப்பலாமா?"

"கூடாது."

"தப்பு இல்லன்றீங்க, அனுப்பக்கூடாதுன்றீங்க. ஏன் சார், தறிக்காரன் புள்ள ஃபாரின் போவக்கூடாதா?"

காரணங்களை அடுக்கினேன். செய்தித்தாள் துண்டுகளைக் காட்டினேன். உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து மெல்ல மெல்ல எடுத்துச் சொன்னேன். நீங்கள் விவரம் தெரிந்தவர் என்றுகூடச் சொன்னேன். ஏப்ரலில் உனக்குப் பட்டியலிட்ட ஒவ்வொன்றையும் அந்த ஒரு மணி நேரத்தில் செய்து பார்த்தேன், ஜெயா. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "தறி சத்தத்துலயே இருந்து பழகிட்டேன் சார். சும்மா பேசினா ஏற மாட்டேங்குது" என்று தாள்களை மடித்து உறைக்குள் வைத்தார். எழுந்துவிட்டார்.

அப்போது சொன்னேன். நம்மைப் பெற்ற நைனா வீட்டில் பேசிய பேச்சில்தான் வந்தது. "இத எழுதனது என் புள்ள. அவன அனுப்பி வச்சது நானு."

அண்ணாதுரை மறுபடி உட்கார்ந்தார். உறையை மேசைமேல் வைத்து என் பக்கமாக நகர்த்தினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சோறு போடறாங்களா சார் புள்ளைக்கு?"

அருள்குமார் போகவில்லை. ஜெர்ரியின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அந்த ஒன்றுக்காக அவன் தட்டில் என்ன குறைந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வரியை அவன் ஏன் எழுதினான் என்றும் தெரியாது. ஆசிரியரிடம் காட்டச் சொல்லும் கடிதத்தை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். என்னிடம் கற்றதை என்னைவிட நன்றாகச் செய்துவிட்டான் என்று கொள்ளலாம். அல்லது, இந்த மாவட்டத்துக்குப் போகும் கடிதங்களில் ஒன்றாவது என் கைக்கு வரட்டும் என்று எழுதியிருக்கலாம். நாலு நாளாக இரண்டையும் எடைபோடுகிறேன். இத்தனை ஆண்டுகள் சொற்களை எடைபோட்டுக் கற்பித்தவனுக்கு இந்த ஒரு பத்தியின் எடை தெரியவில்லை.

நீ கேட்ட சொல் பெர்சுவேட். எல்லாவற்றிலும் கண்ணியமானது. அதைச் செய்கிறவன் கை ஓங்குவதில்லை, பொய் சொல்வதில்லை, ஆசை காட்டுவதில்லை. காரணங்களை மட்டும் அடுக்குவான். பிள்ளையை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அடுக்குவான். என்னோடு இருக்க விரும்பிய ஒரே ஆளை அப்படித்தான் வீட்டை விட்டு வெளியேற்றினேன். ரவியின்மேலும் கிரண்மேலும் நான் வைத்திருந்த கோபம் முழுவதும் இப்போது முகவரி மாறி வந்து சேர்ந்திருக்கிறது. குறையவில்லை.

புதிய வாக்குமூலம் எழுதிவிட்டேன். கிரண் பெயரை நீக்கியிருக்கிறேன். இரண்டு ஆஃபர் லெட்டர்களையும் இணைத்திருக்கிறேன். நவம்பர் நான்காம் தேதி, திங்களன்று, ஸ்டேஷனுக்குப் போகிறேன். கிரண் உடன் வரவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. தேதியை மட்டும் தெரிவிக்கிறேன்.

அண்ணன்
அசரியா


திருப்பதி
29 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். மூன்று முறை படித்தார். சாயங்காலம் கடைக்குப் போய்ப் பெயர்ப்பலகையைத் துடைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். ஏழு மணி பஸ்ஸில் வருகிறோம். சோறு வடிக்க வேண்டாம், நான் கட்டி எடுத்து வருகிறேன். ஜெர்ரி அறையைப் பூட்டி வைத்திருந்தால் திறந்து வையுங்கள். நான் பெருக்க வேண்டும்.

ஜெயா

மச்சான், கிரண் எழுதுறேன். பழைய லெட்டர், புது லெட்டர் ரெண்டும் ஒரிஜினல குடுத்துடாதீங்க. நாலு செட் ஜெராக்ஸ் நானே போட்டு எடுத்தாறேன். நீங்க படிக்கிறவரு, நான் அச்சடிக்கிறவன், என் வேலைய நான் பாக்கறேன்.


சித்தூர்
21 நவம்பர் 2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

அன்று ஸ்டேஷனில் அந்த இளம் அதிகாரி என்னுடைய இரண்டு புகார்களையும் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டுத்துல ஏது சார் நிஜம்?" என்று கேட்டபோது கிரண் சட்டென்று என் தோளைப் பிடித்தது நினைவிருக்கிறதா? ஆங்கிலப் பிழை இரண்டிலும் இல்லை, உண்மை இரண்டாவதில் இருக்கிறது என்று நான் சொன்ன பதில், அந்தக் கை இல்லாவிட்டால் வந்திருக்காது. கிரணிடம் சொல். நேரில் சொல்ல நினைத்து, பஸ் கிளம்பும்வரை சொல்லாமல் இருந்துவிட்டேன்.

காவலர்கள் கேட்டுக்கொண்டபடி கடிதத் தொடர்பை அறுந்துவிடாமல் வைத்திருக்க, அண்ணாதுரையின் சம்மதத்தோடு அவர் பெயரில் அந்த நிறுவனத்துக்குப் பதில் அனுப்பியிருக்கிறேன். ஸ்டேஷனில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் எழுதியதை உனக்காகத் தமிழில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, என் மகனுக்குத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி, பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். கடிதத்தில் பிழை ஏதுமில்லை என்றார். பிழை தன்னுடையது என்றார்.

என் மகனை அனுப்புவது குறித்து யோசிக்க அவகாசம் வேண்டுகிறேன். இதற்காகத் தங்கள் அலுவலகத்தில் எவரையும் குறை காணாதிருக்கக் கோருகிறேன்.

மேற்படி ஆசிரியரின் வீட்டில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்க ஒருவர் தேவைப்படுகிறார். முன்பு ஒருவர் அந்த வேலையைத் தானாகவே கேட்டதாகவும், ஆசிரியர் அறிவில்லாமல் மறுத்ததாகவும் தெரிகிறது. இடம் இன்னும் காலியாக இருக்கிறது. தங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் இருந்தால் தெரிவிக்கவும்."

மூன்று பத்திகள்தான். மறுக்கும் உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

ஏப்ரலில் உனக்கு லூர் என்ற சொல்லைப் பாதிதான் சொன்னேன். கோபத்தில் இருந்தவனுக்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. இறகுக் கொத்தைச் சுழற்றுவது பருந்தைப் பிடிப்பதற்காக அன்று. கையை விட்டுப் பறந்துபோன பறவை, அதைக் கண்டு, வளர்த்தவனின் கைக்கே திரும்பி வருவதற்காக.

பதினொரு நாட்களாகப் பதில் இல்லை. நீ பெருக்கிய அறையில் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் நலம் என்று எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். ஒரு கைபேசி மேசையின்மேல் இருக்கிறது. கூப்பிடு, ஜெயா. முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

அண்ணன்
அசரியா